ஆறுக்கு ஆறு

வலது கை ஆட்காட்டி விரல் ஒன்று, நடுவிரல் ஒன்று. இரண்டும் சேர்த்து நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய்.

"பேரம் பேசலையா?" என்று கேட்டார் சஹாபுதீன்.

"பிரஸ் மிசின்ல கை மாட்டிகினு கீறப்ப யாரு பாய் பேரம் பேசுவாங்க?" என்றாள் ஞானம்மா. "அவங்க சொன்னதுதான் வெல. செக்கைக் குடுத்துட்டு போட்டோ எடுத்துகினாங்க."

கும்மிடிப்பூண்டி பஜாரில், பார்சல் சர்வீஸுக்கு மேல்மாடியில் இருக்கிறது சஹாபுதீனின் துப்பறியும் அலுவலகம். பழவேற்காட்டு ஜவுளிக்கடைக் குடும்பம். கடை போய்விட்டது. வந்தவர் வாங்குவாரா, வெறுமனே துணியைக் கசக்கிப் பார்த்துவிட்டுப் போவாரா என்று முகத்தைப் பார்த்தே சொல்கிற கண் மட்டும் அவரிடம் தங்கிவிட்டது. அந்தக் கண் எதிரே இருந்தவளை அளந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும். கடம்பத்தூரிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்த களைப்பு. அழுகிற முகமல்ல, அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு, கணக்குத் தீர்க்கக் கிளம்பிய முகம்.

அவள் சொன்னது இதுதான். கணவன் லோகு, தேர்வாய் கண்டிகையில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. வாரம் முழுக்க அங்கே ரூமில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவான். விரல் போன பணம் வங்கியில் தூங்கிக்கொண்டிருந்தபோது, வாட்ஸ்அப்பில் 'சந்தை சாமி' என்று ஒருவன் முளைத்தான். திங்கட்கிழமைதோறும் ஒரே வரி. இந்த வாரம் ஷேர் மார்க்கெட் ஏறும், அல்லது இறங்கும். காசு கேட்கவில்லை. வெளியே சொன்னால் லிஸ்டிலிருந்து தூக்கிவிடுவேன் என்று மட்டும் சொன்னான். ஆறு வாரம், ஆறும் பலித்தது. ஏழாவது வாரம், பணத்தை என்னிடம் கொடு, நானே போட்டுப் பெருக்கித் தருகிறேன் என்றான். லோகு மொத்தத்தையும் கொடுத்தான்.

"போச்சா?"

"மூணே வாரம். மார்க்கெட்டு உழுந்துடுச்சாம். இன்னொரு அஞ்சு லட்சம் போட்டா உட்டது மொத்தமும் திரும்புமாம். இவரு மனையை விக்கறாரு பாய். ரெண்டு சென்ட்டு, மேல ஷீட்டு போட்ட ஊடு. என் நகையை வித்து வாங்கனது. பத்திரம் அவரு பேர்ல கீது. நாளைக்குப் பத்தரைக்கு ரிஜிஸ்தர்."

"அதைத் தடுக்கணும்."

"அதுவும்தான்." ஞானம்மா குரலை உயர்த்தவில்லை. "எனுக்கு அந்தச் சாமி வேணும். என் கண்ணு முன்னால அவனுக்கு வலிக்கணும். அந்த வலி எப்படி இருக்குதுன்னு நான் பாக்கணும்."

"பாத்துடலாம்" என்றாள் மூலையில் இருந்த விக்டோரியா. அதே கம்பெனியில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள். வாய் இருந்ததால் அங்கே வேலை போனது. வாய் இருந்ததால் இங்கே வேலை கிடைத்தது. "ஆளு யாருன்னு நான் உக்காந்த எடத்துலயே சொல்றேன் பாய். டைம் ஆபீஸ் பரசுராமன்."

"எப்படி?"

"ஒர்க்கர் போன் நம்பர் எல்லாம் அவன்கிட்டதான் கீது. நஷ்டஈடு செக்கு வந்த தேதியும் அவனுக்குத் தெரியும். மூணாவது, அவன் பரசுராமன்."

"உனக்கு மூணு நாள் சம்பளம் புடிச்சவன்."

"மூணரை நாளு."

"மூணாவது காரணம்தான் உனக்கு மொதக் காரணம். மத்த ரெண்டும் அதுக்கு நீ போட்ட ஜிகினா" என்று சாவியை எடுத்தார் சஹாபுதீன்.

பழைய ஆம்னி வேன் தேர்வாய் கண்டிகையை எட்டியபோது மணி மூன்று. லோகுவின் ரூம், வரிசையாகப் பன்னிரண்டு கதவு இருந்த ஒரு கட்டடத்தில் ஏழாவது. உள்ளே ஒரு கட்டில், ஒரு தலையணை, இரண்டு டிபன் பாக்ஸ். பகல் ஷிப்டுக்காரன் ராத்திரி படுப்பான், ராத்திரி ஷிப்டுக்காரன் பகலில் படுப்பான். வாடகை பாதிப் பாதி. அந்தக் கட்டில் மட்டும்தான் அந்த ஊரிலேயே ஓவர்டைம் வாங்காமல் இருபத்துநாலு மணி நேரமும் உழைத்தது.

லோகு எழுந்து உட்கார்ந்தான். வந்தவர்களைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், வலது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

"ஆள கூட்டிகினு வந்துட்டியா?"

"பேசாம இரு" என்றாள் ஞானம்மா.

சஹாபுதீன் பேச்சைக் கவனிக்கவில்லை. கட்டிலை ஒட்டிய சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடப்பக்கம் பென்சிலில் ஆறு அம்புக்குறி, ஒன்றன் கீழ் ஒன்றாக: மேல், கீழ், கீழ், மேல், மேல், கீழ். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு டிக். வலப்பக்கம் நீலப் பேனாவில் நாலு அம்பு: மேல், கீழ், கீழ், கீழ். முதல் மூன்றுக்கு டிக். நாலாவதற்குப் பெருக்கல் குறி. அதோடு நின்றுவிட்டது.

"பென்சில் உன்னுதா?"

"ஆமா. சாமி மெசேஜு ஒரு நாள்ல தானா அழிஞ்சுடும். அதான் எழுதி வெச்சேன்."

"பேனா?"

"சின்னதொர. பகல் ஷிப்ட்டு. அவனுக்கும் சாமி லிஸ்ட்ல எடம் கெடச்சிருக்குது. ஆறு மாசமா ரெண்டு பேருக்கும் ஒரே தலவாணி, மொகத்தை மொகம் பாத்தது நாலு தடவ இருந்தா ஜாஸ்தி."

"நாலாவது வாரம் உனக்கு மேல. அவனுக்குக் கீழ. ஒரே சாமிதானே?"

"அவன் தப்பா எழுதிகினான்."

"கேட்டியா?"

"இன்னாத்துக்குக் கேக்கணும்? எனக்குதான் பலிச்சுதே."

மூன்றரைக்குக் கம்பெனியில் டீ நேரம். விக்டோரியா நம்பர் வாங்கிப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். சின்னதுரை சிரித்தான். "மொதல்ல லோகுண்ணன்தான் தப்பா எழுதிகினாருன்னு நெனச்சேன். அப்பால மார்க்கெட்டு ஏறிச்சா, சரி நம்ம கண்ணுதான் தப்பாப் பாத்துடுச்சு போலன்னு உட்டுட்டேன். அதுக்கப்புறம் எனுக்கு மெசேஜே வரலக்கா. நெட் பேக் தீந்துகினு இருந்துது, அதான்."

லோகுவின் முகத்தில் ஒரு வெற்றிப் புன்னகை. "பாத்தீங்களா? அவனே தன் தப்புன்னு ஒத்துக்கறான். ஆறுக்கு ஆறு பாய். நீங்க வரிசையா ஆறு தடவ சரியாச் சொல்லிப் பாருங்க."

"அப்பறம் ஏன் ஏழாவதுல எல்லாம் போச்சு?" என்றாள் ஞானம்மா.

"அது மார்க்கெட்டு தப்பு. சாமி தப்பு இல்ல." பிறகு குரல் இறங்கியது. "இப்ப உட்டுட்டா, இந்த வெரலு ரெண்டும் சும்மா போனதா ஆயிடும் ஞானம். உட்டதைப் புடிக்காம எப்படி நான் நிறுத்தறது?"

 

சஹாபுதீன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "நான் உன்னைத் தடுக்க வரல தம்பி. ஆறுக்கு ஆறுன்னா சும்மா இல்ல. நானும் ஒரு அம்பதாயிரம் போடலாம்னு பாக்கறேன். மனை எவ்வளவுக்குப் போவுதுன்னு சாமிக்குத் தெரியுமா?"

"அஞ்சு லட்சம்னு சொல்லிட்டேன்."

"சரி. இன்னிக்கு சாமி வேற எதுனா சொன்னா எனக்கும் காட்டு. சாயங்காலம் எங்க இருப்பே?"

"ஆறு மணிக்கு சுமலதாக்கா மெஸ்ல. துன்னுட்டு பஸ் ஏறுவேன்." லோகு முதல் முறையாக அவரை 'அண்ணே' என்றான். ஞானம்மா பார்த்த பார்வையில் சஹாபுதீன் வெளியே வந்து செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

டீக்கடை பெஞ்சில் அவர் ஒரு பொட்டலம் பட்டாணி வாங்கி, எண்ணி அறுபத்துநாலைப் பரப்பினார்.

"இவங்க எல்லாம் சாமியோட பக்தருங்க. மொத வாரம், பாதிப் பேருக்கு ஏறும்னு சொல்றான், பாதிப் பேருக்கு எறங்கும்னு சொல்றான். மார்க்கெட்டு ஏறுச்சு." பாதியை ஒதுக்கினார். "இவங்களுக்கு அதோட மெசேஜு கட். மிச்சம் முப்பத்திரண்டு. மறுபடி பாதிப் பாதி. மிச்சம் பதினாறு."

ஒதுக்கிய பட்டாணியை விக்டோரியா வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள்.

"தோத்தவனை எல்லாம் நீ இன்னா பண்றே?"

"துன்னுட்டேன் பாய்."

"அதேதான். தோத்தவன் கேள்வி கேக்க எங்கயும் மிச்சம் இல்ல. இருந்தாலும் வாயத் தொறக்க மாட்டான், வெக்கம். எட்டு, நாலு, ரெண்டு, ஒண்ணு." பெஞ்சில் ஒரே ஒரு பட்டாணி கிடந்தது. "ஆறு வாரம். இந்த ஒருத்தன் மட்டும் தோல்வியே பாக்கல. சாமிக்கு மார்க்கெட்டைப் பத்தி ஒரு எழவும் தெரிய வேணாம். பாதியாப் பிரிக்கத் தெரிஞ்சாப் போதும்."

விக்டோரியாவின் கை நீண்டது. ஞானம்மா முந்திக்கொண்டு அந்தப் பட்டாணியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இது என் புருசன்" என்றாள்.

வருகைப் பதிவு எழுதும் டைம் ஆபீஸில் பரசுராமன் விக்டோரியாவைப் பார்த்ததும் வாசலில் யாரோ எச்சில் துப்பியதுபோல் முகத்தைச் சுளித்தான். சஹாபுதீன் மனை வாங்குகிறவராகப் பேசினார். லோகுவின் மனையை நாளை ஏழு லட்சத்துக்குக் கிரயம் பண்ணுவதாகவும், ஆள் உண்மையில் இங்கே வேலை செய்கிறானா என்று கேட்க வந்ததாகவும் சொன்னார்.

"ஏழா?" பரசுராமன் பதிவேட்டைப் புரட்டினான். "லோகநாதன். லைட் டூட்டி. பகல் ஷிப்ட்டு."

"அவரு ராத்திரி பேக்கிங்ல இல்ல கீறாரு?" என்றாள் விக்டோரியா.

"மேஸ்திரி எங்கயாவது போட்டிருப்பான். பேப்பர்ல பகல். எனக்குப் பேப்பர்தான் கணக்கு."

"ராத்திரின்னு எழுதினா அலவன்ஸ் குடுக்கணும், அதான்."

"நீ இன்னும் திருந்தலையாம்மா?"

"சம்பளம் புடிச்சாத் திருந்துவேன்னு நெனச்சே. திருந்தல."

சஹாபுதீன் நடுவில் புகுந்தார். "மனோரஞ்சன் நாயக்னு யாராவது இங்க?" லோகுவின் பணம் போய்ச் சேர்ந்த கணக்கு அந்தப் பெயரில்தான் இருந்தது. ஞானம்மா வங்கித் தாளைக் காட்டியிருந்தாள்.

"ஒடிசாப் பையன். ஊருக்குப் போய் ஏழு மாசம் ஆச்சு. வரல."

வெளியே வந்ததும் விக்டோரியா விரலை மடக்கினாள். "பேரு தெரியுது, நம்பர் தெரியுது, ஏழுன்னதும் கண்ணு விரிஞ்சுது. முடிஞ்சுது பாய்."

"நீ அந்தச் சரக்கைக் காலையிலயே வாங்கிட்டே. இப்ப எதைப் பாத்தாலும் அது ஏறப் போற மாதிரியே தெரியும்."

அடுத்தது சுமலதா மெஸ். ஞானம்மாவை வேனிலேயே இருக்கச் சொன்னார்கள். நீளமான ஷெட், இரண்டு வரிசை மேசை, கல்லாவில் மூக்குக்கண்ணாடியைத் தாழ இறக்கிய ஐம்பது வயது சுமலதா. முந்நூற்று எண்பத்துநாலு பேர் அங்கே மாதச் சாப்பாடு. பகல் ஷிப்டுக்கு மஞ்சள் கார்டு, ராத்திரி ஷிப்டுக்கு நீலக் கார்டு, கார்டு மேலேயே போன் நம்பர். பாக்கி வைத்தவனின் ஏடிஎம் கார்டு ஒரு பிஸ்கட் டின்னில் அடமானம் கிடக்கும், தீர்த்தால் திரும்பும். அவர்கள் நின்றபோதே ஒருவன் ஆயிரத்தைந்நூறு கட்டி, டின்னைக் கிளறித் தன் கார்டை எடுத்துப் போனான்.

"லோகுவா? தங்கமான புள்ள நைனா" என்றாள் சுமலதா. "கை அப்படி ஆனப்புறம் சோறு பெசைய முடியாம உக்காந்திருந்தான். நான்தான் ஸ்பூன் வாங்கியாந்து குடுத்தேன். இன்னா வெசயம்?"

"அவரு மனையை ஒம்போது லட்சத்துக்கு நான் முடிக்கறேன். உங்ககிட்ட பாக்கி எதுனா கீதான்னு கேக்க வந்தேன்."

"ஒம்போதா? நல்லா இருக்கட்டும். ஆயிரத்து நூத்தி நாப்பது இருக்குது. மெதுவாக் குடுக்கட்டும்." அவள் கை நிற்காமல் கார்டுகளில் ஓட்டை போட்டுக்கொண்டே இருந்தது.

வேனுக்கு நடக்கும்போது விக்டோரியா கேட்டாள். "அஞ்சு லட்சம் மனை. அங்க ஏழு, இங்க ஒம்போது. இன்னா பாய் இது, கூவி விக்கறீங்க?"

"சாமி செஞ்சதைத்தான் நான் செய்யறேன். ஆளுக்கு ஒரு சேதி. எந்தச் சேதி பலிக்குதுன்னு பாக்கலாம்."

ஆறேகாலுக்கு லோகு மெஸ்ஸில் ஸ்பூனால் சாம்பார் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இப்போது மூன்று பேரும் அவன் எதிரே. போன் ஒரு முறை அதிர்ந்தது. அவன் படித்து, பெருமையாகத் திருப்பிக் காட்டினான்.

'ரெக்கவரி திட்டம் மாற்றம். நாளை ஒரு நாள் மட்டும். குறைந்தபட்சத் தொகை ஒன்பது லட்சம். அதற்குக் கீழ் எடுத்துக்கொள்ள மாட்டோம்.'

"ஒம்போதுக்கு நான் எங்க போவேன்?" லோகுவின் முகம் விழுந்தது. "அண்ணே, நீங்க அம்பதாயிரம் போடறேன்னீங்களே. இன்னும் ஒரு..."

விக்டோரியா அந்த எண்ணை இரண்டு முறை படித்தாள். ஏழு இல்லை. மெதுவாகத் தலையைத் திருப்பிக் கல்லாவைப் பார்த்தாள்.

"நான் பரசுராமன் மேல மொத்தத்தையும் போட்டுட்டேனே பாய்."

"நஷ்டத்துல வித்துடு" என்றார் சஹாபுதீன் தணிந்த குரலில். "அவன் இல்லன்னு எனக்கு டைம் ஆபீஸ்லயே தெரியும். நாலாவது வாரம் சாமி பகல் வேற, ராத்திரி வேறன்னு பிரிச்சிருக்குது, ரெண்டு ஷிப்ட்டும் சந்திக்காதுன்னு. பரசுராமன் புஸ்தகத்துல லோகு பகல் ஆளு. அவன் பிரிச்சிருந்தா லோகுவுக்கும் சின்னதுரைக்கும் ஒரே அம்பு வந்திருக்கும். லோகு ராத்திரி ஆளுன்னு தெரிஞ்சது மேஸ்திரிக்கும், நீலக் கார்டுல ஓட்டை போடறவங்களுக்கும்தான். மேஸ்திரிகிட்ட நானூறு நம்பர் கெடையாது. அடமானம் வெச்ச ஏடிஎம் கார்டு டின்னும் கெடையாது."

ஞானம்மா முழுவதும் கேட்டாள். எழுந்தாள். லோகு கையைப் பிடிக்கப் பார்த்தான். மூன்று விரலில் பிடி நிற்கவில்லை.

"லோகு பொண்டாட்டி" என்றாள் கல்லாவின் முன்னால். ஆயிரத்து நூற்று நாற்பதை எண்ணி வைத்தாள். "பாக்கி தீந்துதா?"

"தீந்துதும்மா."

"அவரு கார்டு எதுனா அடமானம் கீதா?"

"இல்லம்மா."

"பாத்துடறேன்" என்று பிஸ்கட் டின்னை எடுத்துக் கல்லா மேல் கவிழ்த்தாள். ஏழெட்டு கார்டுகள் சிதறின. ஒவ்வொன்றாகப் படித்தாள். நாலாவது கார்டை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். மனோரஞ்சன் நாயக்.

சுமலதா கையை நீட்டினாள். விக்டோரியா நடுவில் வந்து நின்றாள். "இன்னாக்கா, இந்தப் பையன் ஏழு மாசமா ஊர்ல கீறான். கார்டு மட்டும் இங்க வேல செய்யுதா? அதுக்கு ஓவர்டைம் உண்டா?"

"அவன் ரெண்டாயிரத்து முந்நூறு பாக்கி வெச்சுட்டுப் போனான். அதுக்காக வெச்சுருக்கேன்."

வாசலில் கம்பெனி பஸ் வந்து நின்றது. பகல் ஷிப்ட் இறங்கியது, நூறு பேருக்கு மேல். மஞ்சள் கார்டும் பசியுமாக உள்ளே வந்தவர்கள், கல்லாவில் நின்ற பெண்ணைப் பார்த்து நின்றார்கள்.

"சந்தை சாமிகிட்டேர்ந்து மெசேஜு வந்தவங்க யாரு?" என்று கேட்டாள் ஞானம்மா.

ஒருவரும் அசையவில்லை. ஒருவன் செருப்பைப் பார்த்தான், ஒருவன் மெனுப் பலகையைப் படித்தான். பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது. சின்னதுரை. அதற்குப் பின் இன்னொன்று, ஐந்து, முப்பது. பிறகு எண்ண முடியவில்லை.

"மொத வாரம் ஏறும்னு வந்தவங்க தண்ணி டிரம் பக்கம் போங்க. எறங்கும்னு வந்தவங்க கை கழுவற பக்கம் போங்க."

அவர்கள் பிரிந்தார்கள். மேசைகள் நகர்ந்தன. மெஸ் நடுவில் ஒரு பாதை விழுந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிட்டத்தட்ட சரிபாதி. ஒரே கம்பெனியில், ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள், ஒருவரை ஒருவர் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பாதையின் நடுவில் ஸ்பூனோடு நின்றிருந்தான் லோகு. சின்னதுரை அவன் அருகே வந்தான்.

"நாலாவது வாரம் நான் கரெக்டாதாண்ணே எழுதினேன்."

லோகு அவனையே பார்த்தான். ஆறு மாதமாக ஒரே தலையணையில் படுத்தவனின் முகம்.

"நானும்தாண்டா" என்றான். ஸ்பூனை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

சுமலதா கண்ணாடியைக் கழற்றினாள். "நான் யாரு கழுத்துலயும் கத்தி வெக்கல. கால்ல உழுந்து குடுத்தாங்க. மூணே பேருதான் குடுத்தாங்க, மொத்தம் அஞ்சு லட்சம்."

"அந்த டப்பு எங்க?" என்றார் சஹாபுதீன். "செலவு பண்ணின மொகம் இல்லையே உங்களுது."

சுமலதா கல்லா இழுப்பறையிலிருந்து தன் போனை எடுத்து அவரிடம் நீட்டினாள். ஒரே ஒரு கம்பெனியின் ஷேர். இரண்டாயிரத்து ஐந்நூறு எண்ணிக்கை. வாங்கிய விலை இருநூறு. இன்றைய விலை எண்பது.

"ஆறு வாரமும் யாராவது ஒருத்தனுக்கு நான் சொன்னது சரியாவே வந்துகினு இருந்துது நைனா. திங்கக்கெழம ஆனா அவங்க நன்றி சொல்லி அனுப்புவாங்க. எனக்கே தோணிப்போச்சு, எங்கிட்ட ஒரு கை கீதுன்னு. எல்லாத்தையும் ஒண்ணுலயே போட்டேன்."

விக்டோரியா திரையை எட்டிப் பார்த்துச் சொன்னாள். "சாமிக்கே சாமி வந்துடுச்சு பாய்."

"அது திரும்ப எரநூறு வரும்" என்றாள் சுமலதா அவசரமாக. "வந்ததும் எல்லாருக்கும் குடுத்துடலாம்னுதான் இருந்தேன். அது வர்ற வரைக்கும் தாக்குப்புடிக்கத்தான் லோகுகிட்ட இன்னும் கேட்டேன். இப்ப விக்கக் கூடாது. வித்தா நஷ்டம்."

சஹாபுதீன் அந்தத் திரையைப் பார்த்தார். அவர் வாப்பா, வாங்கின விலைக்குக் கீழே ஒரு கைலிகூட விற்க மாட்டேன் என்று பதினொரு வருஷம் கடையைத் திறந்து வைத்திருந்தார். கடைசியில் கறையான் விலை கேட்காமல் எடுத்துக்கொண்டது. போனை அவர் ஞானம்மாவிடம் கொடுத்தார்.

"நீ கேட்டது இங்கதான் கீதும்மா. வலிக்கற எடம்."

ஞானம்மாவுக்கு ஷேர் தெரியாது. ஆனால் எதிரே இருந்தவளின் கண் அந்தப் போனை விட்டு அகலாததைப் பார்த்தாள்.

"வித்துடு" என்றாள்.

"இப்ப மார்க்கெட்டு மூடியாச்சு."

"ராத்திரியே ஆர்டர் போட்டு வெச்சா காலைல தொறந்ததும் போயிடும்" என்றார் சஹாபுதீன். "நான் போன் பண்ணிட்டேன், போலீஸ் ஜீப்பு கெளம்பிடுச்சு. அரை மணி நேரம் இருக்கு. நீங்களா வித்து ஈடு கட்டினீங்கன்னு அவங்ககிட்ட நான் சொல்றது ஒண்ணு. சொல்லாம உடறது ஒண்ணு."

"ஒரு மாசம் குடும்மா. ஒரே மாசம். நூத்தம்பதாவது வந்துடும். உன் புருசனுக்குத்தான் லாபம்."

"என் புருசனும் இதையேதான் சொன்னாரு" என்றாள் ஞானம்மா. "நீதான் சொல்லிக் குடுத்தே. வித்துடு. உன் கையாலயே அமுக்கு."

நூறு பேரும் நெருங்கி வந்தார்கள். ஒருவரும் கை ஓங்கவில்லை. சுமலதாவின் ஆட்காட்டி விரல் திரைக்கு மேலே நின்றது, இறங்க மறுத்தது. போலீஸுக்கு அழாதவள், கார்டுக்கு அழாதவள், அங்கே அழுதாள். ஞானம்மா அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கண் சிமிட்டாமல், கடைசி வரை. விரல் பட்டது. விற்பனை ஆர்டர் பதிவானது.

லோகு எழுந்து வந்தான். போனில் யாரையோ கூப்பிட்டான். "மனை விக்கலண்ணே. நாளைக்கு வராதீங்க" என்று மட்டும் சொல்லி வைத்தான். பிறகு மனைவியின் பக்கத்தில் நின்றான். வலது கையை அவன் ஒளித்துவைக்கவில்லை.

"கணக்கு எழுதணும்" என்றாள் ஞானம்மா.

விக்டோரியா மெனுப் பலகையில் நாளைய இட்லியை அழித்துவிட்டுச் சாக்பீஸை எடுத்தாள். ஐந்து லட்சத்துக்கு நாளை இரண்டு லட்சம் தேறும். மற்ற இருவர் பங்கும் அதே விகிதம். மீதிக்கு வழக்கு. ஞானம்மா சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.

ஞானம்மா பர்ஸைத் திறந்து, ஒரு பத்து ரூபாயும் ஒரு ஐந்து ரூபாயும் எடுத்து சுமலதாவின் முன் வைத்தாள்.

"இன்னாம்மா இது?"

"நீ வாங்கிக் குடுத்த ஸ்பூனு. உன் காசுல எங்க ஊட்டுல ஒண்ணும் இருக்கக் கூடாது."

விக்டோரியா அதையும் எழுதினாள். பிறகு சாக்பீஸ் நின்றது. "வெரலு ரெண்டு போடணும்ல? எவ்ளோன்னு போட?"

"தொகை போடாத" என்றாள் ஞானம்மா. "அப்படியே உடு."

போலீஸ் ஜீப் வாசலில் நின்றபோது பலகையில் இருந்தது:

லோகு கொடுத்தது: 4,12,000
நாளை வரவு: 1,64,800
வர வேண்டியது: 2,47,200
மெஸ் பாக்கி 1,140: தீர்ந்தது
ஸ்பூன் 15: தீர்ந்தது
விரல் 2: நிலுவை